சிக்குன்குனியா: இறப்பு பூஜ்யம் என்ற கணக்கு

2006ஆம் ஆண்டில் இந்தியாவில் சிக்குன்குனியா பரவியபோது, அந்நோய் இருக்கலாம் என்று அரசின் கணக்கில் ஏறியவர்கள் ஏறத்தாழ 13.9 லட்சம் பேர். அதனால் இறந்தவர்களாக ஒருவரும் காட்டப்படவில்லை. அப்போது ஆரம்ப சுகாதார நிலையமொன்றில் மருத்துவராக இருந்த எனக்கு இந்த இரண்டு எண்களிலுமே நம்பிக்கை இல்லை.

எங்கள் புறநோயாளிப் பதிவேட்டில் ஒரு கிராமத்தின் பெயர் எப்போதாவதுதான் தென்படும். கிராம சுகாதார செவிலியருடன் அங்கே வீடுவீடாகப் போனபோது, ஒரு தெருவில் நோய் நுழையாத வீட்டைத் தேட வேண்டியிருந்தது. திண்ணையில் சுவரைப் பிடித்தபடி எழுந்த ஓர் அம்மா, "காய்ச்சல் நாலு நாள்ல விட்டுடுச்சு சார், குத்தவைக்கத்தான் முடியல" என்றார். களையெடுக்கப் போய் ஒரு மாதத்திற்கு மேலாகியிருந்தது. காய்ச்சல் விட்டதால் அவர் மருத்துவமனைக்கு வரவில்லை. வந்திருந்தாலும் பதிவேட்டில் குணமானவராகவே இருந்திருப்பார். மூட்டுவலி சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் இந்நோயில், இழந்த வேலை நாட்களையும் முடங்கிக் கிடந்த மாதங்களையும் சேர்க்காமல் பாதிப்பை அளந்துவிட முடியாது. ரத்தப் பரிசோதனையில் உறுதியானவர்களின் எண்ணிக்கையும் இதற்கு உதவாது; சில மாதிரிகளில் நோய் உறுதியானபின் எல்லோருக்கும் பரிசோதனை செய்வதில்லை.

இறப்புகளை அளக்க வேறொரு வழி உண்டு. அகமதாபாத் நகரின் இறப்புப் பதிவுகளை முந்தைய நான்கு ஆண்டுகளின் சராசரியோடு ஒப்பிட்ட ஆய்வாளர்கள், 2006 ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை 2,944 பேர் கூடுதலாக இறந்திருந்ததைக் கண்டார்கள். அத்தனையும் சிக்குன்குனியாவால்தான் என்று இதைக்கொண்டு சொல்ல முடியாது. ஆனால், பூஜ்யம் என்ற கணக்கை அப்படியே ஏற்கவும் முடியாது. அதே காலத்தில், மக்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு நோய் கண்ட, இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுப் பகுதியான ரீயூனியன் தீவில், இருநூறுக்கும் மேற்பட்ட இறப்புச் சான்றிதழ்களில் மருத்துவர்கள் சிக்குன்குனியாவைக் குறித்திருந்தார்கள்.

நம்மிடம் இறப்புக்குக் காரணமாக "இதயத் துடிப்பு நின்றது" என்று மட்டும் எழுதிக் கையெழுத்திடும் வழக்கம் இன்னும் போகவில்லை (நானும் எழுதியிருக்கிறேன்). இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்வதோடு, சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ இருந்த முதியவருக்குக் கடைசி வாரங்களில் காய்ச்சலும் மூட்டுவலியும் வந்திருந்தால், சான்றிதழ் எழுதும் மருத்துவரிடம் குடும்பத்தினர் அதைக் கேட்காமலே சொல்லிவிட வேண்டும்.