பிலாந்த்ரபி: ஈகையா, கொடையா, ஒப்புரவா?

பெரும் பணக்காரர் ஒருவர் நூறு கோடி ரூபாயை மருத்துவ ஆராய்ச்சிக்கு எழுதிவைத்தால், மறுநாள் நாளிதழில் அவர் ‘வள்ளல்’. அரசு அறிவிப்பில் அது ‘நன்கொடை’. கருத்தரங்கில் ‘பிலாந்த்ரபி’ (philanthropy). மொழிபெயர்ப்பு அவசரத்தில் ‘மனிதநேயம்’. இந்த நான்கும் ஒரே பொருள் தருபவை அல்ல. கடைசியில் உள்ளது தெளிவாகவே தவறு: மனிதநேயம் மனத்தில் இருப்பது, பிலாந்த்ரபியோ காசோலையும் கணக்குப் புத்தகமும் உள்ள செயல்.

சொல்லின் வேர் கிரேக்கம். ‘பிலோஸ்’ என்றால் அன்பு கொண்ட. ‘ஆந்த்ரோபோஸ்’ என்றால் மனிதர். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்க நாடகாசிரியர் ஈஸ்கிலஸ் பெயரில் வழங்கும் ப்ரொமீதியஸ் நாடகத்தில் இந்தச் சொல்லை ஆதியிலேயே பார்க்கிறோம். தேவர்கள் தமக்கென்று வைத்திருந்த நெருப்பைத் திருடி மனிதருக்குக் கொடுத்தவன் பாறையில் அறையப்படுகிறான். அவன்மேல் சாட்டப்படும் குற்றமே ‘மனிதரை நேசிக்கும் போக்கு’. ஆக, பிறந்தபோது இந்தச் சொல்லில் பணம் இல்லை. மேலே இருப்பவரின் ஏகபோகத்தை உடைத்துக் கீழே தருவது இருந்தது. பின்னர் வந்த கிரேக்க அரசர்களின் ஆணைகளில் அது மன்னர் காட்டும் கருணையாகிவிட்டது. திசை அப்படியே மாறியது.

இன்றைய பொருளுக்கு அடித்தளம் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கா. 1889இல் எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி எழுதிய கட்டுரை, செல்வர் தம் உபரிச் செல்வத்தை வாழ்நாளிலேயே பொதுநலனுக்குச் செலவிட வேண்டும் என்றது. பசித்தவனுக்குச் சோறு போடும் தருமத்தில் அவருக்கு நம்பிக்கை இல்லை. ஆயிரம் டாலர் தருமத்தில் தொள்ளாயிரத்து ஐம்பது வீண் என்று கணக்குச் சொன்னார். தருமம் இன்றைய துயரைத் தணிப்பது, பிலாந்த்ரபி அதன் காரணத்தைத் தீர்ப்பது என்ற பாகுபாடு இங்கிருந்து வலுப்பெற்றது. அவர் பணத்தில் எழுந்த நூலகங்கள் 2,509. ஆனால் 1892இல் அவருடைய ஹோம்ஸ்டெட் எஃகு ஆலையில் கூலிக்காகப் போராடியவர்கள்மீது ஆயுதம் தாங்கிய தனியார் படை ஏவப்பட்டு உயிர்கள் போயின. கூலியைக் குறைத்துச் சேர்த்த பணத்தில் நூலகம் கட்டினால் ஏற்றத்தாழ்வு குறைகிறதா, கூடுகிறதா? இத்துறை ஆய்வாளர்கள் இன்றும் சுற்றிச்சுற்றி வருவது இந்தக் கேள்வியைத்தான்.

தமிழில் இதற்கு நேர்ச்சொல் தேடுபவர் முதலில் தொல்காப்பியத்தின் எச்சவியலைத் திறப்பது நல்லது. ‘ஈ, தா, கொடு’ மூன்றும் கேட்கும் சொற்கள்; ‘ஈ’ என்பது இழிந்தோன் கூற்று, ‘தா’ ஒப்போன் கூற்று, ‘கொடு’ உயர்ந்தோன் கூற்று. யார் யாரிடம் கேட்கிறார் என்பது வினையிலேயே பதிந்திருக்கிறது. எனவே ஈகை என்றால் தன்னைவிடத் தாழ்ந்த நிலையில் இருப்பவருக்கு இடுவது. ‘வறியார்க்கொன்று ஈவதே ஈகை’ என்ற 221ஆம் குறள் அதை இன்னும் இறுக்கிக் கட்டுகிறது. மற்றதெல்லாம் திரும்பி வரும் என்று கணக்குப் போட்டுக் கொடுக்கும் கடன். பல்கலைக்கழகத்துக்கு அறிவியல் கூடம் கட்டித் தருவது இந்த வரையறைப்படி ஈகையே ஆகாது. (நிதி கேட்டு எழுதும் விண்ணப்பங்கள் இன்றும் ‘தந்து உதவுமாறு பணிவுடன்’ என்றே முடிகின்றன. ஒப்போன் வினை முன்னால், பணிவு பின்னால்.)

வள்ளன்மை ஆளின் குணம், அமைப்பின் பெயர் அன்று. கொடை என்பது பரந்த சொல், நோக்கம் எதுவானாலும் பொருந்தும். அதனால்தான் ‘அறக்கொடை’ என்று அடை சேர்க்கிறோம். அந்த அறத்துக்குள்ளும் சந்தேகம் உண்டு. இம்மையில் செய்தது மறுமைக்கு ஆகும் என்று கொடுப்பவனை ‘அறவிலை வணிகன்’ என்கிறது புறநானூறு 134; வள்ளல் ஆய் அண்டிரன் அத்தகையவன் அல்லன் என்று புலவர் முடமோசியார் பாடுகிறார்.

மறுமைப் பயனை விடுங்கள், இம்மையிலேயே வரிச்சலுகை இருக்கிறது. இந்திய வருமான வரிச் சட்டப்படி (1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் இது 80ஜி பிரிவாக இருந்தது), கழிவுகளை அனுமதிக்கும் பழைய வரிமுறையைத் தேர்ந்தவர், ஐம்பது விழுக்காடு கழிவுக்குத் தகுதியான அமைப்புக்குப் பத்தாயிரம் ரூபாய் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். வரிக்குரிய வருமானத்தில் கழிவு 5,000. முப்பது விழுக்காடு வரிப்படியில் இருப்பவருக்கு மிச்சம் 1,500 ரூபாய். இருபது விழுக்காட்டுப் படியில் இருப்பவருக்கு 1,000. வரி கட்டும் அளவு வருமானமே இல்லாதவருக்குச் சுழியம். மேல்வரிகளைச் சேர்த்தால் இடைவெளி இன்னும் கூடும். அதே பத்தாயிரம் செல்வருக்கு 8,500தான், எளியவருக்கு முழுப் பத்தாயிரம். அந்த 1,500 அரசுக் கருவூலத்துக்கு வராமல் போன பணம். அது எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்தவர் செல்வர். பிலாந்த்ரபியை முழுக்கத் தனியார் பணம் என்று எழுதுவது இதனால்தான் பிழை.

சி.எஸ்.ஆர். (நிறுவனச் சமூகப் பொறுப்பு) செலவைக் கொடை என்பதும் அப்படியே. 2013 நிறுவனச் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி என்ற மூன்றில் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் செலவிட்டாக வேண்டும். அது கடப்பாடு.

அறக்கொடையின் உறுப்புகளுக்குச் சொற்கள் ஏற்கெனவே உள்ளன. டிரஸ்ட் ‘அறக்கட்டளை’, இன்ன பூசைக்கு இன்ன வருவாய் என்று வரையறுத்த கோயில் ‘கட்டளை’யிலிருந்து வந்தது. கிராண்ட் என்பதற்கு ‘நல்கை’. முதற்பணத்தைத் தொடாமல் வருவாயை மட்டும் செலவிடும் நிதிக்கு, சோழர் கல்வெட்டில் அழகான மாதிரி இருக்கிறது: கோயிலில் ஒரு நந்தா (அணையா) விளக்குக்கு 96 ஆடு, நாள்தோறும் உழக்கு நெய். கிழடு போனால் குட்டி ஈடுகட்டும் என்பதால் அவை ‘சாவா மூவாப் பேராடு’. அமெரிக்கத் தனியார் அறநிறுவனங்கள் ஆண்டுக்குச் சொத்தில் ஏறத்தாழ 5 விழுக்காட்டை மட்டும் செலவிட்டு மீதியை முதலீட்டில் வைத்திருப்பதும் சாவா மூவா ஆடுதான்.

அந்த வழிக்கு நேர் எதிராக நடந்தவர் சியர்ஸ் என்ற அமெரிக்கச் சில்லறை வணிக நிறுவனத்தின் ஜூலியஸ் ரோசன்வால்ட். தாம் இறந்து 25 ஆண்டுக்குள் நிதி முழுதும் தீர்ந்துவிட வேண்டும் என்று விதித்தார். 1932இல் இறந்தார், 1948இல் நிதி மூடப்பட்டது. 1912 முதல் 1932 வரை, அமெரிக்கத் தென் மாநிலங்களில் கறுப்பினக் குழந்தைகளுக்காக ஐயாயிரத்தை ஒட்டிய பள்ளிகள் எழ அவர் பணம் உதவியது. முழுச் செலவையும் அவர் ஏற்கவில்லை. ஊராரும் அரசும் பங்கு போட வேண்டும் என்பது நிபந்தனை. மொத்தம் சுமார் 2 கோடியே 84 லட்சம் டாலரில் அவர் நிதி ஏறத்தாழ 15 விழுக்காடு, கறுப்பின மக்கள் திரட்டியது ஏறத்தாழ 17, வரிப்பணம் 64. இரு இனக் குழந்தைகளின் கல்வி இடைவெளியை இப்பள்ளிகள் குறுக்கின என்று பின்னாளில் பொருளியல் ஆய்வுகள் காட்டின. குறையும் உண்டு: வரி கட்டியும் அதற்குரிய பள்ளி கிடைக்காதவர்கள் இரண்டாம் முறை கைக்காசு போட்டார்கள், இனப் பிரிவினைச் சுவருக்கு வெளியே ஒரு செங்கல்கூட வைக்கப்படவில்லை.

ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் நோக்கமுள்ள கொடைக்கு ‘ஒப்புரவு’ பொருந்தும். ஒப்பு அதன் வேரிலேயே உள்ளது. 211ஆம் குறள் அதைக் கைம்மாறு வேண்டாத ‘கடப்பாடு’ என்கிறது. 215ஆம் குறளின் ஊருணியில் நீர் மொள்ள யாரிடமும் ‘ஈ’ என்று கேட்க வேண்டியதில்லை. (பல ஊர்களில் ஊருணிக்குள் இறங்கவே சிலருக்கு அனுமதி இல்லாதிருந்தது வேறு கணக்கு.) சிக்கல் ஒன்று: கிறித்தவ வழக்கில் ஒப்புரவு என்றால் மனம் ஒன்றுசேர்தல், பாவ மன்னிப்பு அருட்சாதனத்தின் பெயரும்கூட. எனவே பொதுவாகப் பிலாந்த்ரபிக்கு ‘அறக்கொடை’, செய்பவருக்கு ‘அறக்கொடையாளர்’, சமநிலை நாடும் வகையைக் குறிக்கும்போது ‘ஒப்புரவுக் கொடை’ என்று எழுதினால் குழப்பம் வராது.

எதிர்முனையில் நிற்கும் ‘பயனாளி’க்குத்தான் நல்ல மாற்று இன்னும் அமையவில்லை. ரோசன்வால்டைவிட அதிகம் பணம் போட்ட அந்தக் கறுப்பின மக்களும் இன்றைய திட்ட அறிக்கை அட்டவணையில் அந்தப் பத்தியில்தான் வருவார்கள்.