இச்சையடக்கம்: சொல்லும் பொருளும்

கலாத்தியர் 5:22, 23இல் ஆவியின் கனியாக அடுக்கப்படும் ஒன்பது குணங்களில் கடைசியில் நிற்பது இச்சையடக்கம். பிரசங்கத்தில் இந்தச் சொல் வந்துவிட்டால் அது வாலிபர்களுக்கான பகுதி என்று மற்றவர்கள் நிம்மதியாக உட்கார்ந்துகொள்வார்கள். காரணம் ‘இச்சை’ என்ற முன்பாதி. இன்றைய தமிழ்க் காதுக்கு அது பெரும்பாலும் சிற்றின்ப ஆசையாகவே கேட்கிறது. ஆனால் கலாத்தியர் நிருபத்தில் பவுல் எழுதிய கிரேக்கச் சொல்லில் ஆசை என்ற உறுப்பே கிடையாது.

‘இச்சை’ வடமொழியிலிருந்து வந்தது. அங்கே அது விருப்பம் என்ற பொதுப்பொருள் உடையது. பழைய மொழிபெயர்ப்பில் ‘மாம்சத்தின் இச்சை, கண்களின் இச்சை’ (1 யோவான் 2:16) போன்ற இடங்களில் திரும்பத் திரும்ப வந்ததால் அதற்குக் கறை ஒட்டிக்கொண்டது. அங்கே இச்சை என்று பெயர்க்கப்பட்ட அதே கிரேக்கச் சொல்தான் ‘கிறிஸ்துவுடனேகூட இருக்க எனக்கு ஆசையுண்டு’ என்று பவுல் சொல்லும் பிலிப்பியர் 1:23இலும் இருக்கிறது. ஆகவே விரும்புவதே பாவம் என்று வேதம் சொல்லவில்லை. எதை, எவ்வளவு, யார் பிடியில் நின்று விரும்புகிறோம் என்பதே கேள்வி.

பின்பாதியான ‘அடக்கம்’ நல்ல தமிழ். அடங்கு என்ற தன்வினை, அடக்கு என்ற பிறவினை இரண்டுக்கும் அதுவே பெயர்ச்சொல். திருக்குறளின் 13ஆம் அதிகாரம் அடக்கமுடைமை. அதில் ‘ஒருமையுள் ஆமைபோல் ஐந்தடக்கல்’ என்று புலன்களை உள்ளிழுப்பதும், ‘யாகாவா ராயினும் நாகாக்க’ என்று நாவைக் காப்பதும் அடுத்தடுத்த குறள்களாக நிற்கின்றன. ஒரே அதிகாரத்துக்குள் புலனும் நாவும் பணிவும் இடம்பெறும் அளவுக்கு அகன்ற சொல்லுக்கு முன்னால் இச்சையைச் சேர்த்ததும் அதன் எல்லை குறுகிவிட்டது.

கிரேக்க மூலச்சொல் ‘எங்கிராத்தேயா’. உள்ளே என்ற முன்னொட்டும், வல்லமை, ஆளுகை என்று பொருள்படும் ‘கிராத்தோஸ்’ என்ற வேரும் சேர்ந்தது. தன்மேல் தனக்கு ஆளுகை உள்ள நிலை என்று அதை விரிக்கலாம். புதிய ஏற்பாட்டில் இந்தச் சொற்குடும்பம் ஆறே வசனங்களில்தான் வருகிறது: அப்போஸ்தலர் 24:25, 1 கொரிந்தியர் 7:9, 9:25, கலாத்தியர் 5:23, தீத்து 1:8, 2 பேதுரு 1:6. இவற்றில் தாம்பத்தியத்தை நேராகப் பேசுவது 1 கொரிந்தியர் 7:9 மட்டுமே. கலாத்தியரில் இதற்கு எதிரே வைக்கப்பட்ட ‘மாம்சத்தின் கிரியைகள்’ பட்டியலிலும் விபசாரம், வெறிகளோடு பகைகள், கோபங்கள், சண்டைகள், பிரிவினைகள், பொறாமைகள் இருக்கின்றன. சபைக் கூட்டத்தில் குரலை உயர்த்திச் சண்டை போடுகிறவரும் இச்சையடக்கம் இல்லாதவர்தான். இதை ஏனோ நாம் அவ்வளவாகச் சொல்வதில்லை.

பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில் இந்த வினைச்சொல் வரும் இரண்டு இடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. ஒன்று ஆதியாகமம் 43:31. தம்பி பென்யமீனைக் கண்டு உள்ளறைக்குப் போய் அழுத யோசேப்பு, முகத்தைக் கழுவி வெளியே வந்து, ‘தன்னை அடக்கிக்கொண்டு’ போஜனம் வைக்கச் சொல்கிறான். இங்கே அடக்கப்பட்டது கண்ணீர். மற்றது 1 சாமுவேல் 13:12. தீர்க்கதரிசி சாமுவேலுக்குக் காத்திருக்காமல் சவுல் ராஜா ‘துணிந்து’ பலியிட்டதாகச் சாக்குச் சொல்லும் இடம். எபிரெயத்திலும் இரண்டு இடங்களிலும் ஒரே வினைதான். தன்னை வற்புறுத்தும் வலிமை சவுலிடமும் இருந்தது. அதைக் கீழ்ப்படியாமைக்குச் செலவழித்தான். மனவுறுதி மட்டுமே நற்குணம் ஆகிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. 2 பேதுரு 1:5-7இல் விசுவாசம், தைரியம், ஞானம் இவற்றுக்குப் பிறகே இச்சையடக்கம் வைக்கப்பட்டிருப்பதையும் இதோடு சேர்த்து வாசிக்கவேண்டும்.

‘தெளிந்த புத்தி’ என்பதோடு இதைக் குழப்பவும் கூடாது. அது ‘சோஃப்ரோசுனே’ என்ற வேறு சொற்குடும்பம். சபைத் தலைவரான கண்காணிக்கு வேண்டிய குணங்களில் தீத்து 1:8 இரண்டையும் தனித்தனியே கேட்கிறது. அரிஸ்டாட்டில் இரண்டையும் பிரித்த விதம் இங்கே உதவும்: தகாத ஆசை உள்ளே கொதித்தாலும் அதற்கு இடங்கொடாதவரிடம் இருப்பது எங்கிராத்தேயா, அந்த ஆசையே எழாதபடி பக்குவப்பட்டவரிடம் இருப்பது சோஃப்ரோசுனே. ஆகவே உள்ளே போராட்டம் இருப்பதாலேயே தனக்கு இச்சையடக்கம் இல்லை என்று ஒருவர் சோர்ந்துபோக வேண்டியதில்லை. போராட்டம் உள்ள இடத்துக்கென்றே அமைந்த சொல் அது.

சரியான தமிழ் நிகரன் எது? 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் ‘தன்னடக்கம்’ என்கிறது. சொல்லமைப்பில் மூலத்துக்கு நெருக்கமானதுதான். ஆனால் இன்றைய வழக்கில் பாராட்டு விழாவில் கூச்சத்தோடு பேசுகிறவரைத்தான் தன்னடக்கமானவர் என்கிறோம். கேட்பவர் அதைப் பணிவு என்று எடுத்துக்கொள்வார். ‘புலனடக்கம்’ கண்ணையும் வாயையும் காக்கும், கோபத்தையும் பணத்தையும் விட்டுவிடும். ‘சுயக்கட்டுப்பாடு’ கொஞ்சம் அலுவலக வாடை அடித்தாலும் பொருளை முழுதாகத் தாங்குகிறது. ‘தற்கட்டுப்பாடு’ என்றால் முழுத்தமிழாகவும் ஆகிவிடும். வாசிப்பில் இச்சையடக்கம் என்றே வாசித்து, விளக்கும்போது தற்கட்டுப்பாடு என்று சொல்வதே என் பரிந்துரை. சிறுவர் வகுப்பில் இரண்டும் வேண்டாம். ‘தன்னைத் தன் பிடியில் வைத்திருப்பது’ என்றால் போதும்.

1 கொரிந்தியர் 9:24, 25இல் பவுல் இதற்குக் காட்டும் ஆள் ஓட்டப்பந்தய வீரன். கொரிந்துவுக்கு அருகிலேயே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இஸ்துமியப் போட்டிகள் நடந்தன. பரிசு இலைகளால் கட்டிய கிரீடம். ஒலிம்பியாவில் வீரர்கள் பத்து மாதம் பயிற்சி எடுத்ததாகச் சத்தியம் செய்யவேண்டியிருந்தது. வீரன் விட்டுவிடுகிற சாப்பாடும் தூக்கமும் பாவமானவை அல்ல. ‘எல்லாவற்றிலேயும் இச்சையடக்கமாயிருப்பார்கள்’ என்பதில் உள்ள ‘எல்லாவற்றிலேயும்’ ஆகுமானவற்றையும் சேர்த்துத்தான். இதற்கான அளவுகோலை அதே நிருபத்தின் 6:12 தருகிறது: ‘நான் ஒன்றிற்கும் அடிமைப்படமாட்டேன்.’ கைபேசி, தேநீர், கடன் அட்டை, விளையாட்டுச் செய்தி என எதையும் இதில் வைத்துப் பார்க்கலாம். நினைத்தபோது ஒரு வாரம் விட முடிகிறதா? விட்டால் வீட்டாரிடம் எரிந்து விழுகிறோமா? பதில் அங்கே தெரிந்துவிடும்.

நடைமுறையில் எங்கே கைவைப்பது என்பதற்கு யாக்கோபு 1:14, 15 வழிகாட்டுகிறது: இழுக்கப்படுதல், சிக்குண்டுபோதல், இச்சை கர்ப்பந்தரித்தல், பாவம் பிறத்தல். சிக்குண்டு என்ற இடத்தில் உள்ள கிரேக்க வினை இரை வைத்துப் பிடிப்பதைக் குறிக்கும். பெரும்பாலானவர்கள் மூன்றாம் கட்டத்தில் வந்து போராடுவதால்தான் தோற்கிறார்கள். முதல் கட்டத்திலேயே விலகுவது எளிது. யோசேப்பு போத்திபாரின் மனைவியோடே இருக்கவும் சம்மதிக்கவில்லை (ஆதியாகமம் 39:10); வஸ்திரத்தை விட்டு ஓடியது அதற்குப் பிந்தியது. கோபத்தில் பதில் எழுதவேண்டியிருந்தால் எழுதுங்கள், பெறுநரின் பெயரை இடாமல் எழுதுங்கள், மறுநாள் காலை வாசித்துவிட்டு முடிவெடுங்கள். ‘ஞானியோ அதைப் பின்னுக்கு அடக்கிவைக்கிறான்’ (நீதிமொழிகள் 29:11) என்பதன் செயல்வடிவம் இதுதான். அடக்கிவைத்ததை அப்படியே புதைத்துவிடுவதும் தவறு. சூரியன் அஸ்தமிக்குமுன் எரிச்சல் தணியவேண்டும் என்கிறது எபேசியர் 4:26. அதனால் எழுத்தை நாளைக்குத் தள்ளலாம், மன்னிப்பைத் தள்ளக்கூடாது.

விட்ட இடத்தைக் காலியாக விடுவது இன்னொரு பிழை. எபேசியர் 4:28 திருடனை நிறுத்தச் சொல்வதோடு நில்லாமல், உழைக்கவும் குறைச்சலுள்ளவனுக்குக் கொடுக்கவும் சொல்கிறது. இரவு ஒரு மணிநேரம் திரையை விட்டால் அந்த மணிக்கு என்ன வேலை என்பதும் அன்றே முடிவாகவேண்டும்.

மறுபக்கத்தில் விழுகிறவர்களும் உண்டு. இரண்டாம் நூற்றாண்டில் திருமணம், இறைச்சி, திராட்சரசம் மூன்றையும் தள்ளிய ஒரு கூட்டத்துக்கு இந்தச் சொல்லிலிருந்தே ‘எங்கிராத்தியர்’ என்று பெயர் வந்தது. திருவிருந்திலும் இரசத்துக்குப் பதில் தண்ணீர் வைத்தார்கள் என்று சபை அவர்களைக் கண்டித்தது. ‘தொடாதே, ருசிபாராதே, தீண்டாதே’ என்ற கட்டளைகள் ஞானம்போலத் தோன்றினாலும் மாம்சத்தைப் பேணவே உதவும் என்று கொலோசெயர் 2இல் பவுல் முன்பே எழுதியிருந்தார். விரதத்தைப் பற்றிப் பெருமை பேச ஆரம்பித்தவர் நாவை அடக்கத் தவறிவிட்டார்.

எங்கிராத்தேயாவுக்கு எதிர்ச்சொல் ‘அக்ராசியா’. பழைய மொழிபெயர்ப்பு அதை 1 கொரிந்தியர் 7:5இல் ‘விரதமில்லாமை’ என்றும், அதன் உரிச்சொல்லை 2 தீமோத்தேயு 3:3இல் ‘இச்சையடக்கமில்லாதவர்கள்’ என்றும் பெயர்க்கிறது. முதல் வசனத்தில் வரும் விரதத்தை உபவாசம் என்று எண்ணி வாசித்தால் வசனமே புரியாது. உபவாசம் அதே வசனத்தில் தனியாக வருகிறது. ‘தற்கட்டுப்பாடு இல்லாமை’ என்று வைத்துப் படித்தால் சிக்கல் தீரும்.