கேசட்டின் முதல் இருபது விநாடியை வெட்டாதீர்கள்

பழைய விஎச்எஸ் கேசட்டை டிஜிட்டலாக்கக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் ஒன்றையே சொல்லி அனுப்புவார்கள்: படம் தொடங்கும் இடத்திலிருந்து போதும், முன்னால் வருவதெல்லாம் வேண்டாம். கறுப்புத் திரையில் நியான் கோடுகள் ஓடிக் கூடும் அந்த வெளியீட்டு நிறுவன லோகோதான் முதலில் வெட்டுப்படுகிறது. படத்தின் நெகட்டிவ் எங்கோ ஒரு கிடங்கில் பத்திரமாக இருக்கும். நல்ல டிஸ்க்கும் கடையில் கிடைக்கும். லோகோவின் கதை வேறு. அமெரிக்காவில் 1977-இல் ஃபாக்ஸ் படங்களை உரிமம் வாங்கிக் கேசட்டில் விற்கத் தொடங்கிய மேக்னெட்டிக் வீடியோ 1979-இல் ஃபாக்ஸ் கைக்குப் போய், 1982-இல் சிபிஎஸ்/ஃபாக்ஸ் ஆனது. வெஸ்ட்ரான் என்ற இன்னொரு வீடியோ நிறுவனம் 1991-இல் லைவ் என்டர்டெயின்மென்ட்டிடம் போனது. கை மாறும்போதெல்லாம் புது லோகோ வந்து பழையது போய்விடும். டிஸ்க் வெளியீடுகளில் பழைய லோகோ அநேகமாக இருக்காது. வாடகைக் கடையில் தேய்ந்த அந்தக் கேசட்டே பல லோகோக்களுக்கு இன்று மூலம்.

சிக்கல் என்னவென்றால், கேசட்டிலேயே மிக அதிகம் அடிபடும் இடமும் அதுதான். முழுக்க ரீவைண்ட் செய்த நாடாவில் தொடக்கப் பகுதிதான் சுருளின் வெளிச்சுற்று. தூசி, ஈரம், பூஞ்சை எல்லாம் அங்கே முதலில் ஏறும். டெக்கில் (கேசட்டை ஓட்டும் விசிஆர் கருவியில்) போட்டதும் நாடாவை வெளியே இழுத்து, அதைப் படிக்கும் ஹெட் உள்ள டிரம்மில் சுற்றுவதும் ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் நடக்கிறது. ரீவைண்ட் முடிந்து டெக் சட்டென நிற்கும் வெட்டு இழுப்பையும், நாடா முனையிலுள்ள கண்ணாடிபோன்ற வெற்றுத் துண்டான லீடரை அடுத்துள்ள அந்தச் சில மீட்டர்தான் தாங்குகிறது.

ஆகவே டெக்கில் போடுமுன் கேசட்டின் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தி மூடியைத் தூக்கி நாடாவைப் பாருங்கள். விளிம்பில் அலை அலையாய் மடிப்பு இருந்தால் ஒலி விட்டு விட்டுக் கேட்கும், டிராக்கிங்கும், அதாவது ஹெட் நாடாவிலுள்ள தடத்தோடு பொருந்தி ஓடுவதும், நிலைகொள்ளாது. சன்னல் வழியே வெள்ளைப் பொடியோ சிலந்தி வலைபோன்ற படலமோ தெரிந்தால் டெக்கில் போடவே கூடாது. ஹெட்டில் ஒட்டும், அடுத்த கேசட்டுக்கும் தாவும். பூஞ்சை இல்லாவிட்டால், ஒரு நாள் அறை வெப்பத்தில் வைத்துவிட்டு, ஒருமுறை கடைசிவரை ஓட்டி ரீவைண்ட் செய்யுங்கள். சுருளின் இறுக்கம் சீராகும்.

அடுத்தது டெக் செய்யும் குறும்பு. தானியங்கி டிராக்கிங் நிலைகொள்ளச் சில விநாடிகள் எடுக்கும். சிக்னல் சரியாக வரும்வரை நீலத்திரை காட்டும். லோகோ மொத்தமே 10, 20 விநாடி என்றால் பாதி அதிலேயே போய்விடும். மெனுவில் நீலத்திரையை அணையுங்கள். ஒருமுறை ஓடவிட்டு, டிராக்கிங்கைக் கையால் சரிசெய்து, அதே நிலையில் விட்டு ரீவைண்ட் செய்யுங்கள். டிராக்கிங் பார்க்க, நகலெடுக்கக் கூடாது என்று அமெரிக்கக் கேசட்டுகளில் வரும் எஃப்பிஐ எச்சரிக்கை அட்டை அருமையான இடம்: அசையாத எழுத்து, ஒரே நிறப் பின்னணி. டெக்கில் பிளே அழுத்துமுன் கணினியில் பதிவைத் தொடங்கிவிட வேண்டும். வரிசை மாறினால் முதல் மூன்று நான்கு விநாடி திரும்பி வராது. சிக்னலின் நேர ஒழுங்கைச் சீராக்கும் டைம் பேஸ் கரெக்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: சிங்க் (நேர ஒழுங்குக்கான சிக்னல்) மோசமாக இருக்கும் தொடக்கத்தில் சில கருவிகள் கறுப்பையோ உறைந்த ஃபிரேமையோதான் தரும். கருவி வழியாக ஒன்று, நேரடியாக ஒன்று என இரு பதிவு எடுங்கள்.

இனி வருவதுதான் அனுபவசாலிகளும் வழுக்கும் இடம். என்டிஎஸ்சி என்ற வீடியோ முறையிலுள்ள அமெரிக்கக் கேசட்டில் விநாடிக்கு 59.94 ஃபீல்டு; ஒன்றுவிட்டு ஒன்றான கோடுகள் மட்டுமுள்ள அரை ஃபிரேம்தான் ஃபீல்டு. 24 ஃபிரேம் படச்சுருளை அதில் பொருத்த ஒரு ஃபிரேமை 2 ஃபீல்டாகவும் அடுத்ததை 3 ஃபீல்டாகவும் நீட்டுவார்கள். டிஜிட்டலாக்கும்போது இதைத் திருப்பிப்போட்டு ஐந்துக்கு ஒரு ஃபிரேமைக் கழிப்பது படத்துக்கு மிகச் சரி. லோகோவோ பெரும்பாலும் நேராக வீடியோவிலேயே உருவானது. டென்வரில் லீ ஹாரிசனின் கம்ப்யூட்டர் இமேஜ் நிறுவனம் செய்த ஸ்கேனிமேட் ஓர் அனலாக் கணினி. பின்னொளி வைத்த எழுத்தைக் கேமராவால் படித்து, குழாய்த் திரையில் மின்னழுத்தத்தால் வளைத்து நெளித்து, மறுபடி கேமராவால் எடுத்து நிறமேற்றும். அத்தனையும் அந்தந்தக் கணத்திலேயே. அப்படிப் பிறந்த அசைவு ஒவ்வொரு ஃபீல்டிலும் புதிது. முழுக் கேசட்டுக்கும் ஒரே அமைப்பைப் போட்டால், வழுக்கிச் சுழலும் எழுத்து திக்கித் திக்கி நகரும், ஓரத்தில் சீப்புப் பற்கள் முளைக்கும்.

கண்டுபிடிப்பது எளிது. ஃபீல்டுகளைப் பிரித்து ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். அடுத்தடுத்த பத்தும் வேறுவேறாக இருந்தால் வீடியோ, 59.94 ஃபிரேமாக விரியுங்கள். 2, 3, 2, 3 என்று கூட்டாக நின்றால் படச்சுருளில் அனிமேஷன் கேமரா வைத்து எடுத்தது; அதற்குக் கழிக்கலாம். 2, 2, 2 என்றால் 29.97 ஃபிரேம். விரித்தபின் எழுத்து முன்னும் பின்னும் நடுங்கினால் ஃபீல்டு வரிசை தலைகீழ், அதை மாற்றுங்கள். இந்தியா, இலங்கை, மலேசியா, பிரிட்டன் பக்கத்து கேசட்டுகள் பால் (PAL) என்ற வீடியோ முறை, விநாடிக்கு 50 ஃபீல்டு. அமெரிக்க லோகோவை அதற்கு மாற்றியபோது ஃபீல்டுகளைக் கலந்திருப்பார்கள். எழுத்துக்குப் பின் நிழல்போல இன்னொரு எழுத்து தெரியும். அது அப்போதே செய்தது, உங்கள் பதிவின் பிழையல்ல.

நிறத்திலும் ஒன்று. விஎச்எஸ்ஸில் கறுப்பு வெள்ளை விவரத்தைவிட நிறத்தின் விவரம் பல மடங்கு குறைவு. சிவப்பு நியான் கசிந்து ஓடுவது இதனால்தான்; கூர்மையாக்கிக் கெடுக்காதீர்கள். கறுப்புப் பின்னணி மெல்ல வெளுத்து இருண்டு துடித்தால் அது மேக்ரோவிஷன் என்ற நகல் தடுப்பு முறையின் துடிப்பாக இருக்கலாம். அதை லோகோவின் சொந்த மினுக்கல் என்று எழுதிவைத்துவிடும் பட்டியல்காரர்கள் உண்டு!

சேமிப்புக்குக் கஞ்சத்தனம் வேண்டாம். 720×480, 4:2:2, 8 பிட், அழுத்தமே இல்லாமல் விநாடிக்கு 20.7 எம்பி, 20 விநாடிக்கு 414 எம்பிதான். எஃப்எஃப்வி1 போன்ற இழப்பில்லாத முறையில் இன்னும் குறையும். மூலப் பதிவில் ஒரு ஹெட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது படத்தின் அடியில் கலங்கித் தெரியும் சில கோடுகளைக் கூட வெட்ட வேண்டாம். லோகோவைப் புதிதாக வரைந்து, மேலே இரைச்சல் தூவிப் "பழைய கேசட்" என்று உலவவிடுபவர்கள் கோட்டை விடுவது படத்தின் அடியிலுள்ள அந்தக் கோடுகளிலும், ஃபீல்டுக்கு ஃபீல்டு மாறும் அசைவிலும்தான். ஏஐ கருவியில் பெரிதாக்கிய பிரதிகளும் இதே வகை: எழுத்தின் ஓரம் பளிச்சென இருக்கும், ஆனால் அந்த ஓரம் கேசட்டில் இல்லாதது. அப்படி ஒன்று வேண்டுமென்றால் தனிக் கோப்பாகச் செய்து, பெயரிலேயே அதைக் குறிப்பிடுங்கள். கூடவே கேசட் முதுகிலுள்ள எண்ணையும், எந்த டெக்கில் ஓடியது என்பதையும்.