‘பரவாயில்லை’ என்பது பாராட்டா? இணையப் பேச்சைக் கணினி எடைபோடும் விதம்

ஒரு நிறுவனத்தைப் பற்றி இணையத்தில் யார் என்ன பேசுகிறார்கள் என்று கண்காணிக்கும் மென்பொருளைத் திறந்தால், முகப்பிலேயே பெரிய எழுத்தில் ஓர் எண் நிற்கும். இன்றைய பேச்சில் இத்தனை விழுக்காடு சாதகம், இத்தனை விழுக்காடு பாதகம் என்று அது சொல்லும். பார்ப்பதற்கு வெப்பமானியின் அளவீடு போலத் தோன்றினாலும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பல ஊகங்களின் விளைவே அந்த எண். எந்த அடுக்கில் எவ்வளவு பிழை சேர்கிறது என்று தெரிந்தவர்தான் அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று முடிவுசெய்ய இயலும்.

முதல் அடுக்கு, சேகரிப்பு. செய்தித் தளங்கள், மதிப்புரைப் பக்கங்கள் போன்ற திறந்த பக்கங்களை, இணைப்புக்கு இணைப்பு தாவிச் செல்லும் ‘க்ராலர்’ என்னும் நிரல் படித்துவருகிறது. எந்தப் பகுதிக்குள் வரலாம், எங்கே வரக்கூடாது என்று தளமே ஒரு சிறு கோப்பில் எழுதிவைக்கும் வழக்கம் 1994-இல் தொடங்கியது. சமூக ஊடகங்கள் பெரும்பாலும் ‘ஏபிஐ’ எனப்படும் வாசல் வழியாகவே தரவைத் தருகின்றன. 2023-இல் ட்விட்டர் செய்ததைப்போல, இலவசமாக இருந்த வாசலுக்குக் கட்டணம் வைப்பதும் உண்டு. தனிப்பட்ட வாட்ஸ்அப் உரையாடல்களோ முழுமையாக மறையாக்கம் செய்யப்பட்டவை என்பதால் எந்தக் கண்காணிப்பு நிரலும் வெளியிலிருந்து அவற்றைப் படிக்க முடியாது. மனிதர்கள் ஒருவருக்கொருவர் மனம்விட்டுச் சொல்லும் புகார்களில் பெரும்பகுதி இப்படிப்பட்ட மூடிய அறைகளில்தான் நடக்கிறது என்பது என் கணிப்பு.

குவிந்த உரையிலிருந்து பெயரைப் பிடிப்பது அடுத்த வேலை. கண்காணிக்க வேண்டிய பெயர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால், ஒவ்வொரு பெயருக்கும் ஒருமுறை உரை முழுவதையும் படித்துக்கொண்டிருக்க முடியாது. ஆல்ஃபிரட் ஆஹோவும் மார்கரெட் கொராசிக்கும் 1975-இல் வெளியிட்ட வழிமுறை, தேட வேண்டிய சொற்கள் அனைத்தையும் எழுத்தெழுத்தாகக் கிளைபிரியும் ஒரு மரமாகக் கட்டிவைத்து, உரையை ஒரே முறை படித்தே எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுகிறது.

ஆனால் சொல்லைக் கண்டுபிடித்துவிட்டதால் ஆளைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று ஆகாது. ‘அமேசானில் தீ’, ‘அமேசானில் தள்ளுபடி’ ஆகிய இரு தொடர்களை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் பெயர் ஒன்றே, வேற்றுமை உருபும் ஒன்றே. காட்டையும் கடையையும் பிரித்துக்காட்டுவது பக்கத்தில் இருக்கும் சொல் மட்டும்தான். நிரலும் அதைத்தான் செய்கிறது. ‘மழை’, ‘ஆறு’, ‘மரம்’ போன்ற சொற்கள் சூழ்ந்திருந்தால் காடு என்றும், ‘ஆர்டர்’, ‘டெலிவரி’, ‘ரீஃபண்ட்’ சூழ்ந்திருந்தால் நிறுவனம் என்றும் நிகழ்தகவு கணக்கிடுகிறது. இந்தச் சல்லடை சரியாக இல்லாவிட்டால், காடு பற்றியெரியும் வாரத்தில் நிறுவனத்தின் பெயர் கெட்டுவிட்டதாக முகப்பு எண் சொல்லும். தமிழில் இன்னொரு தொல்லையும் உண்டு: ‘அமேசானுக்கு’, ‘அமேசானிடமிருந்து’, ‘அமேசான்காரர்கள்’ என்று பெயர் உருமாறிக்கொண்டே போகும், அமெசான், அமேஸான் என்று எழுதுவோரும் இருப்பார்கள்.

மூன்றாவது அடுக்குதான் எல்லாரும் பேசும் உணர்வுப் பகுப்பாய்வு. இத்துறையின் தொடக்க ஆய்வுகளில் ஒன்றை 2002-இல் பீட்டர் டர்னி வெளியிட்டார். ஒரு சொற்றொடர் ‘மிகச் சிறப்பு’ என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல்லுக்கு அருகில் அதிகம் வருகிறதா, ‘மோசம்’ என்னும் பொருள்தரும் சொல்லுக்கு அருகில் அதிகம் வருகிறதா என்று ஆல்ட்டாவிஸ்ட்டா தேடுபொறியிடமே கேட்டு, அதைக்கொண்டு மதிப்புரையின் போக்கைத் தீர்மானிப்பது அவருடைய உத்தி. 410 மதிப்புரைகளில் சராசரியாக 74 விழுக்காடு சரியாக அமைந்தது. கார்களுக்கு 84 விழுக்காடு வரை வந்த துல்லியம் திரைப்படங்களுக்கு 66 விழுக்காடாகக் குறைந்தது என்பதுதான் அதில் சுவையான செய்தி. கார் மதிப்புரையில் பாகங்கள் நன்றாக இருந்தால் காரும் நன்றாகவே இருக்கும்; திரைப்படத்தில் வில்லன் கொடூரமாக இருந்தால் படம் கொடூரமாக இருக்கிறது என்று பொருளல்ல.

இன்றைய மொழி மாதிரிகள் சொல்லைத் தனியாகப் பார்க்காமல் வாக்கியம் முழுவதையும் சேர்த்துப் பார்க்கின்றன என்பதால் துல்லியம் வெகுவாகக் கூடியிருக்கிறது. ஆயினும் தமிழ் அவற்றுக்கு எளிய பாடமல்ல. ‘பரவாயில்லை’ என்பதில் ‘இல்லை’ இருக்கிறது, ஆனால் அது ஒரு அரைப் பாராட்டு. ‘குறை சொல்ல முடியாது’ என்பதில் குறையும் மறுப்பும் சேர்ந்து நிறைவைச் சொல்கின்றன. ‘சூடாவதே இல்லை’ என்பது கைபேசிக்குப் புகழ்ச்சி, அயர்ன் பாக்ஸுக்குப் புகார். ‘திரை அருமை, பேட்டரிதான் காலை வாருகிறது’ என்ற வாக்கியத்துக்கு ஒரே மதிப்பெண் போடுவது அநியாயம் என்பதால், நல்ல கருவிகள் திரைக்கும் பேட்டரிக்கும் தனித்தனியே மதிப்பிடுகின்றன. ‘நல்லா இருக்கு உங்க சர்வீஸ்!’ என்று ஒருவர் எழுதினால், அவருடைய முந்தைய பதிவைப் படிக்காமல் அது வாழ்த்தா வசையா என்று மனிதனாலும் சொல்ல முடியாது.

இனி, இந்தப் பிழைகள் முகப்பு எண்ணை என்ன செய்கின்றன என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நாளில் 1000 பதிவுகள் வருகின்றன, அவற்றில் 50 மட்டுமே உண்மையான புகார்கள், கருவி பத்துக்கு ஒன்பது முறை சரியாகச் சொல்லும் என்று வைத்துக்கொள்வோம். 50 புகார்களில் 45-ஐ அது பிடித்துவிடும். ஆனால் புகாரல்லாத 950 பதிவுகளில் 95-ஐயும் புகார் என்று தவறாகக் குறித்துவிடும். ஆக, சிவப்பு நிறம் காட்டும் 140 பதிவுகளில் மூன்றில் ஒரு பங்குகூட உண்மையில் புகார் அல்ல. 90 விழுக்காடு துல்லியம் என்று விற்பனையாளர் சொல்வது பொய்யில்லை. புகார் அரிதாக இருப்பதால் நேரும் விளைவு இது.

அடுத்த வாரம் உண்மையான புகார்கள் மும்மடங்காகி 150 ஆகின்றன என்று கொள்வோம். கருவி அவற்றில் 135-ஐப் பிடிக்கும், மீதமுள்ள 850-இல் 85-ஐத் தவறாகச் சேர்க்கும், மொத்தம் 220. அதாவது, உண்மையில் மூன்று மடங்கு உயர்ந்த அதிருப்தி, திரையில் 140-இலிருந்து 220 ஆக, ஒன்றரை மடங்கைச் சற்றே தாண்டியதாகத்தான் தெரியும். முகப்பு எண் மெல்ல நகரும்போது நிலைமை வேகமாக நகர்ந்திருக்கக்கூடும் என்பதை இந்தத் தொழிலில் இருப்பவர்களே பல சமயம் மறந்துவிடுகிறார்கள்.

திடீர் எழுச்சியைக் கண்டறிவது இதைவிட எளிது. மணிக்குச் சராசரியாக 20 பதிவுகள், ஒன்றையொன்று சாராமல் வருமானால், இயல்பான ஏற்ற இறக்கம் 20-இன் வர்க்கமூலமான நான்கரை அளவில் இருக்கும். 24 வந்தால் கண்டுகொள்ள வேண்டியதில்லை. 40 வந்தால் யாரையாவது எழுப்ப வேண்டும். ஆனால் ஒரே செய்தியை நாற்பது தளங்கள் நகலெடுத்துப் போட்டாலும் 40 வரும் என்பதால், உரையைச் சில சொற்கள் கொண்ட துண்டுகளாக நறுக்கி, எத்தனை துண்டுகள் பொதுவாக இருக்கின்றன என்று ஒப்பிட்டு நகல்களை முதலில் ஒன்றாகக் கட்டுகிறார்கள். ஆண்ட்ரே ப்ரோடர் 1997-இல் விவரித்த உத்தி இது.

இவ்வளவும் சரியாக நடந்தாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது: பேசியவர்கள் யார்? மிகவும் மகிழ்ந்தவரும் மிகவும் வெகுண்டவரும்தான் எழுத உட்காருகிறார்கள். நடுவில் இருப்பவர் பொருளைப் பயன்படுத்திக்கொண்டு சும்மா இருக்கிறார். எழுதுகிறவரும் முன்னால் எழுதியவரைப் பார்த்தே எழுதுகிறார். லெவ் முச்னிக், சினான் அரால், ஷான் டெய்லர் ஆகியோர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செய்தித் தளத்தின் கருத்துரைகளுக்குத் தற்செயலாகத் தேர்ந்து ஒரே ஒரு ஆதரவு வாக்கைப் போட்டுவைத்தார்கள். அந்த ஒற்றை வாக்கால் அவற்றின் இறுதி மதிப்பு சராசரியாக 25 விழுக்காடு உயர்ந்தது.

ஆகவேதான் பொறுப்புள்ள குழுக்கள், மாதத்துக்கு ஒருமுறையாவது நூறு பதிவுகளைக் குலுக்கலில் எடுத்து, இரண்டு பேரிடம் தனித்தனியே கொடுத்துக் கையால் வகைப்படுத்தச் சொல்லி, கருவியின் விடையோடு ஒப்பிடுகின்றன. இருவரும் தற்செயலாக ஒத்துப்போகும் வாய்ப்பைக் கழித்துவிட்டு உண்மையான உடன்பாட்டை அளக்க, ஜேக்கப் கோஹன் 1960-இல் தந்த ‘கப்பா’ என்னும் அளவு பயன்படுகிறது. அந்த நூறில் ‘நல்லா இருக்கு உங்க சர்வீஸ்!’ வந்துவிட்டால், ஒருவர் அதைப் பச்சையில் போடுவார், மற்றவர் சிவப்பில் போடுவார்.