சொல் விளக்கம்: ‘டாப்ஸ்’ என்ற நேரடிக் கவனிப்பு

மயக்கவியல் துறையில் முதுநிலைப் படிப்பு படிப்பவர்களிடம் ‘டாப்ஸ்’ என்றால் உடனே புரியும். ‘டைரக்ட் அப்சர்வேஷன் ஆஃப் புரொசீஜரல் ஸ்கில்ஸ்’ என்பதன் சுருக்கம் அது. படிப்பவர் ஒரு நோயாளிக்கு ஒரு செய்முறையைச் செய்வார். தண்டுவட ஊசி போடுவது, மூச்சுக்குழாயில் குழாய் செருகுவது, கழுத்திலுள்ள ரத்தக்குழாயில் கதீட்டர் என்ற மெல்லிய குழாயை வைப்பது என்று எதுவாகவும் இருக்கலாம். அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் நின்று தொடக்கத்திலிருந்து முடிவுவரை பார்ப்பார். முடிந்த கையோடு எது சரி, எதை மாற்ற வேண்டும் என்று சொல்வார். இரண்டையும் ஒரு படிவத்தில் எழுதுவார்கள்.

ஆரம்பத்தில் இது மயக்கவியலுக்கு என்று வந்ததில்லை. பிரிட்டனில் ‘ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ்’ உருவாக்கிய முறை. 2005-இல் அங்கே இளம் மருத்துவர்களுக்கான அடிப்படைப் பயிற்சித் திட்டம் தொடங்கியபோது எல்லாத் துறைகளுக்கும் பரவியது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மயக்கவியல் கல்லூரி 2013-இல் கொண்டுவந்த பாடத்திட்டத்திலும் இதற்கு இடம் உண்டு. பின்னணியில் இருப்பது அமெரிக்க மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் 1990-இல் வரைந்த நான்கு படிகள்: தெரியும், எப்படி என்று தெரியும், செய்துகாட்டுவார், செய்கிறார். எழுத்துத் தேர்வு முதல் இரண்டோடு நின்றுவிடும். பொம்மையில் வைக்கும் தேர்வு மூன்றாவதைத் தொடும். உண்மையான நோயாளியிடம், உண்மையான அவசரத்தில் என்ன செய்கிறார் என்பதைப் பார்க்க டாப்ஸ் போன்ற முறைதான் வேண்டும்.

இப்போது சொற்களுக்கு வருவோம்.

‘அனஸ்தீசியா’ கிரேக்கச் சொல். ‘அன்’ என்றால் இல்லாமை, ‘ஐஸ்தேசிஸ்’ என்றால் உணர்தல். 1846-இல் பாஸ்டன் நகரில் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஈதர் கொடுத்து வலியில்லா அறுவைக்கு வழிகாட்டியதும், ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் என்ற மருத்துவர் இந்தப் பெயரை அவருக்குச் சொன்னார். தமிழில் மயக்கவியல் என்பது நிலைத்துவிட்டது. கண்டிப்பாகப் பார்த்தால், தண்டுவட ஊசி போட்டுக்கொண்ட தாய் மயங்குவதில்லை, பேசிக்கொண்டே குழந்தையின் அழுகையைக் கேட்கிறார். உணர்வகற்றல் என்பதே பொருளுக்கு நெருக்கம். ஆனாலும் மக்கள் வாயில் பழகிய சொல்லை மாற்றத் தேவையில்லை.

‘புரொசீஜர்’ லத்தீனில் முன்னே செல்லுதல் என்ற வினையிலிருந்து வந்தது. நடைமுறை என்று எழுதினால் அலுவலக விதிபோல் ஒலிக்கிறது. செய்முறைத் தேர்வு என்று பள்ளியிலிருந்தே சொல்லிப் பழகியிருக்கிறோம், ஆகவே செய்முறைத் திறன் பொருந்தும். ‘டிரெய்னி’யைப் பயிற்சி மருத்துவர் என்று எழுதுவதில் ஒரு சிக்கல் உண்டு: நம் செய்தித்தாள்களில் அது ஹவுஸ் சர்ஜனைக் குறிக்கிறது. முதுநிலை மாணவர் என்பது தெளிவு.

முக்கியமான சொல் ‘அப்சர்வேஷன்’. பல மொழிபெயர்ப்புகளில் கண்காணிப்பு என்று போடுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. கண்காணிப்பு என்றதும் கேமராவும் சந்தேகமும்தான் நினைவுக்கு வரும். லத்தீன் வேரான ‘செர்வாரே’ என்பதற்குக் காத்தல் என்று பொருள். தமிழில் கவனித்தல் என்ற சொல்லில் இரண்டும் இருக்கின்றன. ‘அவன் செய்வதைக் கவனி’ என்றால் உற்றுப் பார். ‘அம்மாவை நல்லா கவனிச்சுக்கோ’ என்றால் பார்த்துக்கொள். டாப்ஸில் நிற்பவருக்கு இரண்டு வேலையும் உண்டு. மாணவரின் கையைப் பார்க்கிறார், நோயாளிக்கு ஆபத்து என்றால் அந்த நொடியே தான் கைவைக்கிறார். அதனால் நேரடிக் கவனிப்பு என்பதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

அருகே நின்று கவனித்தால் மட்டுமே தெரிபவை நிறைய. சிசேரியனுக்குத் தண்டுவட ஊசி என்று வைத்துக்கொள்வோம். தாய் உட்கார்ந்து முதுகை வளைக்கிறார். மாணவர் இடுப்பெலும்பின் இரண்டு மேல்முனைகளையும் தொட்டு, அந்தக் கோட்டை வைத்து முள்ளெலும்புகளுக்கு நடுவே இடைவெளி தேடுகிறார். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியைத் தடவுகிறார். அது உலரும் முன்பே ஊசியை எடுத்துவிடுகிறாரா? அந்த மருந்து நரம்புக்குக் கெடுதல் என்பதால் காத்திருக்கத்தான் வேண்டும். ஊசி எலும்பில் தட்டினால் என்ன செய்கிறார்? கடைசியில் தெளிந்த தண்டுவட நீர் சொட்டி, மருந்தும் உள்ளே போய்விட்டால், மாணவரின் செய்முறைக் கணக்கேடான லாக் புக்கில் ‘ஸ்பைனல், 1’ என்று ஏறிவிடும். உலராத மருந்தும், தட்டுத்தடுமாறிய ஊசியும், நடுவில் தாயிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாததும் அந்த ‘1’-இல் தெரியாது.

எண்ணிக்கை பயனற்றது என்று சொல்லவில்லை. 1998-இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், மூச்சுக்குழாயில் குழாய் செருகுவதில் 90 சதவீத வெற்றியை எட்டச் சராசரியாக 57 முயற்சிகள் ஆயின. ஆனால் சராசரி என்பது ஒரு தனி மனிதரைப் பற்றி எதுவும் சொல்லாது. ஒருவர் முப்பதிலேயே தேறிவிடுவார், இன்னொருவருக்கு நூறும் போதாது.

‘ஃபீட்பேக்’ மின்னணுவியலிலிருந்து வந்த சொல். ஒரு சுற்றின் வெளியீட்டில் ஒரு பகுதியை மறுபடி உள்ளீட்டுக்கே கொடுப்பது. கணிதவியலாளர் நார்பர்ட் வீனரின் 1948-ஆம் ஆண்டு சைபர்னெட்டிக்ஸ் நூலுக்குப் பிறகு மற்றத் துறைகளுக்கும் வேகமாகப் பரவியது. தமிழில் பின்னூட்டம். வலைப்பதிவுக் காலத்தில் இது வாசகர் கருத்து என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. மூலப்பொருளை மீட்டால் போதும், சொல் அருமையானது: அடுத்த முறை கை வேறு மாதிரி நகர வேண்டும், அப்போதுதான் அது பின்னூட்டம். ‘நீ நல்லா பண்ணினேம்மா, இன்னும் பிராக்டீஸ் வேணும்’ என்பதில் அப்படி எதுவும் இல்லை. ‘எலும்புல தட்டினதும் அதே வழியில திரும்பக் குத்தினே. தோலுக்கு அடியில வரைக்கும் ஊசிய இழுத்துட்டு, அப்புறம் திசை மாத்து’ என்றால் நாளைக்கே பயன்படும்.

இந்த முறை கெட்டுப்போவதும் இந்த இடத்தில்தான். மாதக் கடைசியில் பத்துப் படிவங்களை நீட்டி, நினைவிலிருந்து கையெழுத்து வாங்கினால் கவனிப்பும் இல்லை, பின்னூட்டமும் இல்லை. பெயர் மட்டும் மிஞ்சும். எளிதான நோயாளியையும் இளகிய பேராசிரியரையும் பார்த்து மாணவர் தேர்ந்தெடுப்பதும் நடக்கும். மதிப்பெண் பயம் இருக்கும்வரை அது இருக்கவே செய்யும். பிரிட்டனின் மயக்கவியலாளர் கல்லூரி 2021 பாடத்திட்டத்தில் இவற்றை மேற்பார்வையுடன் கற்கும் நிகழ்வுகள் என்று அழைக்கிறது. எவ்வளவு மேற்பார்வை தேவை என்பதை அங்கே குறிக்கிறார்கள்: ஆசிரியர் அறுவை அரங்கிலேயே இருக்க வேண்டுமா, கூப்பிட்டால் வந்தால் போதுமா என்கிற மாதிரி. ஒரு துறைத்தலைவர் இரவுப் பணிக்கு ஆள் போடும்போது மனசுக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வியும் அதுதான்.

முழுப்பெயராக எழுத வேண்டிய இடத்தில் ‘செய்முறைத் திறன் நேரடிக் கவனிப்பு’ என்று எழுதலாம். பேச்சில் டாப்ஸ் இருந்துவிட்டுப் போகட்டும். பயன்படுத்தும் விதம்: ‘தண்டுவட ஊசிக்கு அவருக்கு இரண்டு நேரடிக் கவனிப்புகள் முடிந்தன, இரண்டாவதில் உதவி கேட்கத் தயங்கவில்லை என்று பின்னூட்டத்தில் எழுதியிருக்கிறார்கள்.’