ஊர் அருகே அனல்மின் நிலையம் வருகிறதா? கருத்துக் கேட்புக் கூட்டத்தில் மக்களுக்குள்ள உரிமைகள்

ஊருக்குப் பக்கத்தில் நிலக்கரி அனல்மின் நிலையமோ பெரிய சிமென்ட் ஆலையோ வரப்போகிறது என்றால், சுற்றுச்சூழல் அனுமதி தருவதற்கு முன்பு அந்தப் பகுதி மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்பது சட்டம். காற்று மாசைக் குறைக்கவும் தூய மின்சாரத்துக்காகவும் பாடுபடும் உள்ளூர்க் குழுக்களின் கையில் இருக்கும் கருவிகளில் இதற்கு இணையானது வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் பல ஊர்களில் கூட்டத்துக்கு முந்தைய நாள்தான் விஷயமே தெரியவருகிறது. வருகிறவர்கள் கோபத்தைக் கொட்டிவிட்டுப் போகிறார்கள், அந்தக் கோபம் ஏட்டில் ஒரு வரியாகச் சுருங்கிவிடுகிறது. அந்த ஒரு வரி எப்படி எழுதப்படுகிறது என்பதில்தான் பின்னால் நடக்கும் எல்லாமே இருக்கிறது.

1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டத்தின் கீழ் 2006 செப்டம்பர் 14 அன்று மத்திய அரசு வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைதான் இதற்கு அடிப்படை. அதற்கு முந்தைய அறிவிக்கை 1994இல் வந்தது. அதில் மக்கள் கருத்துக் கேட்பு கட்டாயமானது 1997இல்தான்.

எல்லாத் திட்டத்துக்கும் கூட்டம் கிடையாது. அறிவிக்கையின் அட்டவணையில் உள்ள தொழில்கள் ‘ஏ’, ‘பி’ என்று பிரிக்கப்பட்டிருக்கின்றன. நிலக்கரி மின் நிலையம் 500 மெகாவாட்டோ அதற்கு மேலோ இருந்தால் ‘ஏ’ பிரிவு, டெல்லியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் முடிவு செய்யும். அதற்குக் கீழே என்றால் மாநில அளவிலான ஆணையம். ‘பி’ பிரிவுக்குள் ‘பி2’ என்று வகைப்படுத்தப்பட்டவற்றுக்குக் கருத்துக் கேட்பு இல்லை. 2020 ஜனவரியில் எண்ணெய், எரிவாயு ஆய்வுப் பணிகளை இந்தப் ‘பி2’க்குள் மாற்றியபோது, ஆய்வுக் கிணறு தோண்டும் கட்டத்தில் மக்களைக் கேட்கும் கடமையே இல்லாமல் போனது. இது பெரிய இழப்பு. முறையாக ஒப்புதல் பெற்ற தொழிற்பேட்டைக்குள் அமையும் ஆலைகளுக்கும் விலக்கு உண்டு. ஆகவே முதல் வேலை, உங்கள் பகுதித் திட்டம் எந்தப் பிரிவில் விண்ணப்பிக்கப்பட்டிருக்கிறது என்று பார்ப்பது. அமைச்சகத்தின் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் திட்டத்தின் பெயரையோ நிறுவனத்தின் பெயரையோ இட்டுத் தேடலாம்.

கூட்டத்தை நடத்துவது மாநில மாசு கட்டுப்பாட்டு வாரியம். குறைந்தது 30 நாள் முன்னதாக ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு மாநில மொழி நாளிதழிலும் விளம்பரம் வர வேண்டும். நாளிதழ் போய்ச் சேராத ஊர்களில் வானொலி, தொலைக்காட்சி உள்ளிட்ட வேறு வழிகளில் தெரிவிக்க வேண்டும். 2020இல் வெளியான வரைவு அறிவிக்கை இந்த 30 நாளை 20 ஆக்கப் பார்த்தது. நாடு முழுக்க எழுந்த எதிர்ப்புக்கு அதுவும் ஒரு காரணம். இருபது நாளில் நூற்றுக்கணக்கான பக்கம் உள்ள ஓர் அறிக்கையை ஊர் மக்கள் எப்படிப் படித்து முடிப்பார்கள்?

திட்டத்தால் சுற்றுச்சூழலுக்கு என்ன பாதிப்பு வரும் என்று சொல்லும் அந்த அறிக்கைதான் மையம். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிக்கையும், உள்ளூர் மொழியில் அதன் சுருக்கமும், மாவட்ட ஆட்சியர் அலுவலகம், மாவட்டத் தொழில் மையம், உள்ளாட்சி அலுவலகங்கள், அமைச்சகத்தின் மண்டல அலுவலகம் ஆகிய இடங்களில் கூட்டம் நடக்கும் நாள்வரை மக்கள் பார்வைக்கு இருக்க வேண்டும். அலுவலக நேரத்தில் யார் வேண்டுமானாலும் போய்ப் படிக்கலாம். ‘இன்னும் வரவில்லை’, ‘அதிகாரி இல்லை’ என்ற பதில் கிடைத்தால், தேதியிட்டு ஒரு மனு எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். முறைப்படி நடக்கவில்லை என்று பிறகு வாதாட நேர்ந்தால் அந்தத் துண்டுச் சீட்டுதான் சாட்சி.

தமிழில் இருப்பது சுருக்கம் மட்டுமே. அதோடு நின்றுவிடாதீர்கள். முழு அறிக்கையின் சில பகுதிகளையாவது, ஆங்கிலம் படிக்கத் தெரிந்த ஊர்ப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு கூட்டாகப் படியுங்கள். முதலில் காற்றின் இப்போதைய நிலை பற்றிய அளவீடுகள். பொதுவாக மழைக்காலம் தவிர்த்த ஒரே பருவத்தில்தான் அளந்திருப்பார்கள். எந்த மாதங்களில், எந்தெந்த இடங்களில் அளந்தார்கள், காற்று வீசும் திசையில் உள்ள குடியிருப்பு அதில் இருக்கிறதா என்று பாருங்கள். அனல்மின் நிலையத்துக்கு வழக்கமாகச் சுற்றுவட்டம் 10 கிலோமீட்டர் ஆய்வுப் பரப்பாக இருக்கும். அதற்குள் உள்ள பள்ளி, ஏரி, மீன்பிடி இடம் ஏதாவது வரைபடத்தில் விடுபட்டிருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். 2.5 மைக்ரான் நுண்துகளுக்குத் தேசியத் தர அளவு 24 மணி நேரச் சராசரியில் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம், ஆண்டுச் சராசரியில் 40. ஏற்கெனவே ஆலைகள் நிறைந்த பகுதியில் இந்த வரம்பை ஒட்டியே காற்று இருக்கும். புதிய புகைபோக்கி அதற்கு மேல் எவ்வளவு சேர்க்கும், பழைய ஆலைகளின் புகையையும் கூட்டித்தான் கணக்குப் போட்டார்களா என்பது கேட்டே தீர வேண்டிய கேள்வி.

அடுத்தது மாற்று வழிகள் பற்றிய அத்தியாயம். அறிக்கையில் தொழில்நுட்பத்துக்கும் இடத்துக்குமான மாற்றுகளை ஆராய ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் நாலைந்து பத்தியில் முடித்திருப்பார்கள். தூய மின்சாரம் கேட்கும் இயக்கத்துக்கு வாசல் இங்கேதான். இதே அளவு மின்சாரத்தைச் சூரிய ஒளி, காற்றாலை, மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் மின்கலங்கள் வழியாகப் பெறும் வாய்ப்பை ஒப்பிட்டீர்களா? ஒப்பிட்டிருந்தால் கணக்கு எங்கே? ஒப்பிடாவிட்டால் காரணம் என்ன? நிலக்கரிதான் என்று வைத்துக்கொண்டாலும், சாம்பலை எங்கே கொட்டுவார்கள், சாம்பல் குளத்தின் அடியில் நிலத்தடி நீருக்குள் கசியாமல் என்ன தடுப்பு, சாம்பல் லாரிகள் எந்தத் தெரு வழியாகப் போகும் என்பதற்கெல்லாம் அளவோடு பதில் வேண்டும். 2017 முதல் நிறுவப்படும் நிலக்கரி அலகுகளின் புகைபோக்கியில் நுண்துகள் கன மீட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அதைத் தொடர்ந்து அளக்கும் கருவியின் அளவீட்டை ஊராட்சி அலுவலகத்தில் பலகையில் காட்டுவீர்களா என்றும் கேளுங்கள்.

கூட்டம் திட்டம் அமையும் இடத்திலோ மிக அருகிலோ நடக்க வேண்டும். மாவட்ட ஆட்சியரோ, கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அவரது பிரதிநிதியோ தலைமை ஏற்பார். முழு நிகழ்வும் வீடியோ எடுக்கப்பட வேண்டும். வந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் விளக்கம் கேட்க வாய்ப்புத் தர வேண்டும். நேரம் போதாது என்று யாரையும் உட்காரச் சொல்ல விதியில் இடமில்லை. குறைந்தபட்சம் இத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கு கிடையாது, பத்தே பேர் வந்தாலும் கூட்டம் செல்லும். அதனால் ‘யாரும் போக வேண்டாம், கூட்டமே நடக்காது’ என்ற முடிவு பெரும்பாலும் ஊருக்கே பாதகமாக முடியும்.

கூட்டத்தைக் கலைத்துவிடுவதும் அப்படித்தான். மக்கள் தடையின்றிக் கருத்துச் சொல்லும் சூழல் உள்ளூரில் இல்லை என்று அறிக்கை போனால், கூட்டம் இல்லாமலேயே மேற்கொண்டு நடத்தலாம் என்று அனுமதி தரும் அமைப்பு முடிவெடுக்க அறிவிக்கையில் வழி இருக்கிறது. கோபம் நியாயமானது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மேசை கவிழ்ந்தால் பலன் எதிர்த்தரப்புக்குப் போகலாம்.

கருத்துக் கேட்பு வாக்கெடுப்பு அல்ல என்பதையும் நேராகச் சொல்லிவிட வேண்டும். ஆயிரம் பேர் வேண்டாம் என்றாலும் திட்டம் தானாக நின்றுவிடாது. மக்கள் எழுப்பிய முக்கியக் கவலைகளுக்கு நிறுவனம் பதில் தந்து, இறுதி அறிக்கையையும் சுற்றுச்சூழல் மேலாண்மைத் திட்டத்தையும் திருத்த வேண்டும், அனுமதிக்குப் பரிந்துரை செய்யும் நிபுணர் குழு அதைப் பரிசீலிக்க வேண்டும். அந்தக் கவலைகளை எப்படிப் பரிசீலித்தார்கள் என்பதற்கு நிபுணர் குழு காரணம் காட்ட வேண்டும் என்று 2009இல் உத்கர்ஷ் மண்டல் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. ஆகவே ‘எங்களுக்கு இந்தத் திட்டம் வேண்டாம்’ என்பதோடு நிறுத்தாமல், ‘அறிக்கையின் இந்தப் பக்கத்தில் இந்த அளவீடு தவறு, காரணம் இது’ என்று பேசுங்கள். பேசியதை எழுத்திலும் கொடுங்கள். கிராம சபைத் தீர்மானம் இருந்தால் அதன் நகலையும் இணையுங்கள்.

வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள், மருத்துவர்கள், விவசாய, மீனவர் சங்கங்கள் என்று இந்தத் திட்டத்தில் நியாயமான அக்கறை உள்ளவர்கள் நேரில் வராமலே எழுத்து வழியாகக் கருத்து அனுப்பலாம். அதுவும் கருத்துக் கேட்பின் ஒரு பாகமே.

கூட்டம் முடிந்ததும் உடனே கலையாதீர்கள். நடவடிக்கைக் குறிப்பை அங்கேயே உள்ளூர் மொழியில் படித்துக் காட்டி, அன்றே ஆட்சியர் அல்லது அவரது பிரதிநிதி கையெழுத்திட வேண்டும். உங்கள் கேள்வி அதில் விடுபட்டிருந்தால் அந்த நிமிடமே எழுந்து சொல்லுங்கள். பிறகு அந்தக் குறிப்பு ஊராட்சி அலுவலகத்திலும் ஆட்சியர் அலுவலகத்திலும் வாரியத்தின் இணையதளத்திலும் வெளியாக வேண்டும். அதன் மீதும் அமைச்சகத்துக்கு நேரடியாக எழுதலாம்.

அனுமதி கிடைத்துவிட்டால் நாள் எண்ணத் தொடங்குங்கள். ஆணை தெரிவிக்கப்பட்டதிலிருந்து 30 நாளுக்குள் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை கூடுதலாகக் கிடைக்கும், அதற்குமேல் வழியில்லை. தென் மாநிலங்களுக்கான அமர்வு சென்னையில் இருக்கிறது. இழப்பீடு கேட்காத மேல்முறையீட்டுக்குக் கட்டணம் 1,000 ரூபாய்.

ஆலை இயங்கத் தொடங்கிய பிறகும் ஒரு கடமை தொடர்கிறது. அனுமதியில் விதித்த நிபந்தனைகளை எப்படி நிறைவேற்றினார்கள் என்று ஜூன் 1, டிசம்பர் 1 என ஆண்டுக்கு இருமுறை நிறுவனம் அறிக்கை தர வேண்டும், அவை பொது ஆவணங்கள். கூட்டத்தில் கொடுத்த வாக்குறுதிகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தால், ஒவ்வோர் அறிக்கையையும் அதோடு ஒப்பிட்டு, நிறைவேறாதவற்றை அமைச்சகத்தின் மண்டல அலுவலகத்துக்கும் மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் புகாராக அனுப்பலாம்.