குமந்தரியா: பெயரும் தேறலும்

சைப்ரஸ் தீவின் புகழ்பெற்ற இனிப்பு ஒயினுக்குக் குமந்தரியா என்று பெயர். ஆங்கில எழுத்தைப் பார்த்தால் 'கமாண்டேரியா' என்று எழுதத் தோன்றும். ஆனால் தீவுக்காரர்கள் நம் 'ந்த' ஒலியோடுதான் சொல்கிறார்கள். அதற்கான எழுத்து நம்மிடம் இருக்க, அப்படியே எழுதிவிடலாம்.

சொல்லின் வேர் லத்தீன். நம்பி ஒரு பொருளை ஒருவரிடம் ஒப்படைப்பது என்பது அடிப்படைப் பொருள். நாம் அன்றாடம் சொல்லும் கமாண்டர், கமாண்டோ எல்லாம் இதே குடும்பம்தான். சிலுவைப் போர்க் காலத்து மத வீரர் சபைகள், தங்கள் நிலங்களைப் பிரித்துப் பொறுப்பாளர்களிடம் ஒப்படைத்தன. அப்படி ஒப்படைத்த பகுதிக்குப் பிரெஞ்சில் 'கொமாந்தரி' என்று பெயர். 1191இல் இங்கிலாந்து அரசர் ரிச்சர்ட் சைப்ரஸைப் பிடித்து, டெம்ப்ளர் என்ற மத வீரர் சபைக்கு விற்றார். அடுத்த ஆண்டே அது லூசிஞன் என்ற பிரெஞ்சுப் பிரபுக் குடும்பத்தின் கைக்குப் போனது. 1210இல் கொலோசி என்ற ஊர் ஹாஸ்பிடலர் என்ற இன்னொரு வீரர் சபைக்குக் கிடைத்தது. அதைச் சுற்றி அமைந்த பெரிய கொமாந்தரியில் விளைந்த மதுவுக்கு அந்த நிலத்தின் பெயரே ஒட்டிக்கொண்டது.

ஆக, இந்தப் பெயர் நிலம் யாருடையது என்றுதான் சொல்கிறது. மது எப்படி உருவாகிறது என்று சொல்லவில்லை. அதற்கு முன் வழங்கிய பழைய பெயர் 'நாமா'. ஊற்றிலிருந்து ஓடும் நீர் என்பது அதன் முதற்பொருள். தேவாலயத்தில் திருவிருந்துக்கு வைக்கும் ஒயினையும் கிரேக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள்.

சரி, எப்படிச் செய்கிறார்கள்? ட்ரூடோஸ் மலையின் தென்சரிவில் 14 ஊர்கள். அங்கே விளையும் சினிஸ்தேரி என்ற வெள்ளைத் திராட்சையையும் மாவ்ரோ என்ற கறுப்புத் திராட்சையையும் நன்றாகப் பழுக்கவிட்டுப் பறித்து, குலைகுலையாக வெயிலில் பரப்புகிறார்கள். நம் வீட்டு மாடியில் மிளகாய் காய்வதைப் போன்ற காட்சி. ஆனால் மொறமொறவென்று காயவிடுவதில்லை. தோல் சுருங்கி, உள்ளே சாறு பாகுபோலத் திரளும்போது எடுத்துவிடுகிறார்கள். அப்போது சாற்றில் லிட்டருக்கு 390 முதல் 450 கிராம் வரை சர்க்கரை இருக்கும். அவ்வளவையும் ஈஸ்ட்டால் தின்று தீர்க்க முடியாது. மிஞ்சுவதுதான் அந்த இனிப்பு. அப்புறம் ஓக் பீப்பாயில் குறைந்தது 2 ஆண்டு. முன்காலத்தில் 'பிதாரி' என்ற பெரிய மண்தாழிகளில் ஊற வைத்தார்கள். தாழியைக் காலி செய்யாமல், பழையதில் கொஞ்சம் விட்டுவைத்து அதன்மேல் புதியதை ஊற்றும் வழக்கமும் உண்டு. அதற்கு 'மானா' என்று பெயர். தாய் என்று பொருள்.

இந்த வகை மதுவுக்குத் தமிழில் என்ன சொல்வது? திராட்சரசம் என்பது புளிக்காத சாற்றையும் குறித்துவிடும். மது என்றால் எல்லாவற்றுக்கும் பொது. எனக்குத் தேறல்தான் சரியாகப் படுகிறது. தேறு என்றால் தெளி. கசடு அடியில் படிந்து தெளிந்து நிற்பது தேறல். நோயாளி தேறிவிட்டார் என்கிறோமே, அதே தேறு. புறநானூற்றின் 56ஆம் பாட்டு, 'யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்' என்று கடல் கடந்து வந்த மதுவையே அப்படி அழைக்கிறது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில், கிரேக்கத்தின் கோஸ் தீவு மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்திருக்கின்றன. மத்தியதரைக் கடல் தீவு ஒன்றின் மதுவுக்கு இந்தச் சொல்லைப் புதிதாக ஒட்டவைக்க வேண்டியதில்லை.

தேறலுக்கு முன்னால் என்ன அடைமொழி போடலாம்? வற்றல் என்று சொல்லத் தோன்றும். ஆனால் வற்றலில் ஈரம் இருக்காது. இந்தத் திராட்சை பாதிதான் காய்கிறது, ஆகவே வாடல். வாடல் தேறல்.

குமந்தரியா என்ற பெயர் அந்த 14 ஊர்களுக்கு மட்டுமே சட்டப்படி உரியது. அந்த மதுவைக் குறிக்கும்போது அந்தப் பெயரையே எழுத வேண்டும். சான்டோரினித் தீவின் வின்சாந்தோ, பாந்தெல்லேரியாத் தீவின் பாசித்தோ என்று இதே முறையில் பிறக்கும் அத்தனைக்கும் பொதுப்பெயராக வாடல் தேறல் நிற்கும். பாசித்தோ என்ற இத்தாலியச் சொல்லுக்கும் வாடுதல் என்ற பொருள் தரும் வினைதான் வேர்.